மழையிலும் மார்கழிப் பனியிலும் தேனீப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் முறை

புதிதாகத் தேனீப் பெட்டி வாங்கியவர்கள் ஐப்பசி பிறந்ததும் கேட்கிற முதல் கேள்வி, பெட்டியைக் கம்பளியால் சுற்ற வேண்டுமா என்பதுதான். வெளிநாட்டுக்காரர்கள் பனியில் அப்படிச் செய்வதை யூடியூபில் பார்த்திருப்பார்கள். வேண்டவே வேண்டாம். மதுரைப் பக்கம் மார்கழி இரவில்கூட 20 டிகிரிக்குச் சற்று முன்பின்தான் இருக்கும், அந்தக் குளிரைத் தேனீக்களே சமாளித்துக்கொள்ளும், நெருக்கி உட்கார்ந்து புழு இருக்கும் இடத்தை 34, 35 டிகிரி சூட்டில் வைத்துக்கொள்ளும். பெட்டியை இறுக்கிச் சுற்றினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், அவ்வளவுதான். இங்கே ஒரு கூட்டத்தைக் காலி செய்வது பசி, ஈரம், எறும்பு இந்த மூன்றும்.

பெட்டியில் வளர்க்கும் நம் நாட்டு அடுக்குத் தேனீக்கு ஒரு குணம் உண்டு. இடம் சரியில்லை என்று தோன்றினால் உள்ளேயே கிடந்து சாகாது, தேனடையை அப்படியே விட்டுவிட்டு ஒரு நாள் மொத்தமாகக் கிளம்பிவிடும். வாடிப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பில் ஆறு பெட்டி வைத்திருக்கிறேன். முதல் வருடம் கார்த்திகையில் ஒரு வாரம் அடைமழை, தோப்புக்குள் போகவே இல்லை. போய்ப் பார்த்தபோது இரண்டு பெட்டிகள் வெறுமையாக இருந்தன. ஒன்றில் சொட்டுத் தேன்கூட இல்லை. இன்னொன்றில் எறும்பு. அதிலிருந்து மழை விட்டதும் முதல் வேலையாகத் தோப்புக்குத்தான் போகிறேன்.

பெட்டியைத் திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் வந்ததும் வாசல் பக்கமாகக் கொஞ்ச நேரம் உட்காருங்கள். காலில் மகரந்த உருண்டையோடு தேனீக்கள் உள்ளே போனால் புழு வளர்கிறது, ராணி முட்டையிடுகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அப்புறம் பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். தேன் இருக்கும் பெட்டி கனக்கும். வாராவாரம் தூக்கிப் பழகினால் கனம் குறைவது கைக்கே தெரியும், தராசு வேண்டாம்.

திறக்கத்தான் வேண்டுமென்றால் வெயில் நன்றாக அடிக்கும் நாளில், பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள், ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். தூறலிலோ மேகமூட்டத்திலோ திறந்தால் புழு குளிர்ந்துபோகும், கொட்டும் வாங்குவீர்கள். ராணியைத் தேடி, அடை தொங்கும் மரச் சட்டம் எல்லாவற்றையும் கலைக்காதீர்கள். நடு அடையில் கண்ணறை என்கிற சின்னக் குழியின் அடியில் முட்டை தெரிந்தால் அவள் இருக்கிறாள், மூடிவிடலாம். மேலடுக்கான தேன் அறை வெறுமையாக இருந்தால் எடுத்துவிடுங்கள், சின்னக் கூட்டத்துக்கு அவ்வளவு பெரிய இடத்தைச் சூடாக வைக்க முடியாது. தேனீக்கள் உட்காராத பழைய கறுத்த அடையையும் எடுத்துவிட வேண்டும், அடையை அரிக்கும் மெழுகுப் பூச்சி அங்கேதான் முட்டை வைக்கும். எடுத்த அடையைச் சும்மா மூலையில் போடாமல் உருக்கிவிடுங்கள். அடிப்பலகையை வாரம் ஒருமுறை துடைப்பது அவசியம். அதில் நூலாம்படை போலவும் மிளகுத்தூள் போலவும் ஏதாவது கிடந்தால் மெழுகுப் பூச்சி உள்ளே வந்துவிட்டது.

இனி சாப்பாடு. மழைக்காலத்தில் தோப்பில் தென்னம்பாளை விரிந்துதான் இருக்கும், ஆனால் நாள் முழுக்கத் தூறினால் தேனீ வெளியே போக முடியாது, போனாலும் பூவிலிருப்பது மழையில் கழுவிப் போயிருக்கும். அதனால் பெட்டி கனம் குறைந்தால் பாகு கொடுத்தே ஆக வேண்டும், இதில் கஞ்சத்தனம் கூடாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அதே அளவு வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். நான் ஒரு பெட்டிக்கு வாரம் 200 கிராம் சர்க்கரை என்று கணக்கு வைத்திருக்கிறேன், விடாமல் மழை பெய்தால் வாரம் இரண்டு முறை. மூடியில் ஊசியால் நாலைந்து துளை போட்ட சின்னப் பாட்டிலில் ஊற்றிச் சட்டங்களின் மேல் கவிழ்த்து வைக்கலாம். இல்லையென்றால் ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றி மெல்லிய குச்சிகளைப் போட்டு உள்ளே வையுங்கள், குச்சி இல்லாவிட்டால் தேனீக்கள் விழுந்து மூழ்கும். பொழுது சாய்ந்து தேனீக்கள் அடங்கிய பிறகுதான் வைக்க வேண்டும், எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் வைக்க வேண்டும், ஒரு சொட்டுகூட வெளியே சிந்தக் கூடாது. பகலில் வைத்தால் பலமான கூட்டம் பலவீனமான கூட்டத்துக்குள் புகுந்து கொள்ளையடிக்கும், அந்தச் சண்டையை நம்மால் நிறுத்த முடியாது. வெல்லம், கருப்பட்டி வேண்டாம், தேனீக்களுக்கு வயிற்றுக்கோளாறு வரும். கடைத் தேனும் வேண்டாம், அதோடு நோயும் சேர்ந்து வரலாம்.

எறும்புக்காக ஸ்டாண்டு காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பீர்கள். மழைக்காலத்தில் அதில் வேப்பிலையோ ஓலைத் துணுக்கோ விழுந்து பாலமாகிவிடும், புல் வளர்ந்து பெட்டியைத் தொடும். என்னுடைய இரண்டாவது பெட்டி அப்படித்தான் போனது. கிண்ணத்தைச் சுத்தம் செய்து, காலில் கிரீஸும் தடவி, சுற்றிலும் புல்லை வெட்டிவிடுங்கள். பெட்டியின் முன்பக்கம் ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தால் சாரல் தண்ணீர் உள்ளே தங்காது. வாசல் வடகிழக்கைப் பார்த்தால் சாரல் நேராக அடிக்கும், தென்கிழக்கு நல்லது. அதற்காக நின்ற பெட்டியை ஒரே நாளில் திருப்பிவிடாதீர்கள், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். மேலே ஒரு தகரத்தையும் கனமான கல்லையும் வைத்துவிட்டால் சரி.

புழுக்களை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருங்கள். கண்ணறைக்குள் தலையை நிமிர்த்தியபடி செத்து, ஊசியால் தூக்கினால் தண்ணீர்ப் பை போல வந்தால் அது தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்கிற புழு நோய். 1991, 92-இல் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீ வளர்ப்பையே முடக்கிப் போட்ட வைரஸ் அது. மருந்து கிடையாது. அந்தப் பெட்டியைத் தள்ளி வையுங்கள், அடையையும் சட்டத்தையும் மற்றப் பெட்டிகளுக்கு மாற்றாதீர்கள், அதைத் தொட்ட கையோடு அடுத்ததைத் திறக்காதீர்கள். மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் கேட்டால் வழி சொல்வார்கள்.

குளிர்காலத்தில் வலசை வரும் நீலவால் பஞ்சுருட்டான் பறவைகள் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து தேனீக்களைப் பிடிக்கும். கூட்டம் பலமாக இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது பக்கத்து வயலில் அடிக்கும் பூச்சிமருந்துக்குத்தான். "அண்ணே, மருந்து அடிக்கிறதா இருந்தா முதநாளே சொல்லிருங்க, சாயங்காலமா அடிங்க" என்று மழைக்கு முன்பே போய்ச் சொல்லிவைத்துவிடுங்கள், தேன் எடுக்கும்போது ஒரு பாட்டிலும் கொடுங்கள்.

தை பிறந்ததும் நத்தம், அலங்காநல்லூர் பக்கம் மாமரங்கள் பூத்து நிற்கும். சட்டத்தின் மேல்விளிம்பில் வெள்ளை வெளேரென்று புது மெழுகு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்த அன்றே பாகை நிறுத்திவிட்டு, தேன் அறையை மறுபடி ஏற்றிவிடலாம்.