சுரங்கப் பொறியாளரின் உலகப் பணிவாழ்வை எழுதுவது எப்படி?

ராயபுரத்தில் எங்கள் வாசகர் வட்டத்துக்காக ஹெர்பர்ட் ஹூவரைப் பற்றி எழுத வருபவர்களில் பெரும்பாலோர், அவர் 1929இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானதிலிருந்தே தொடங்குகிறார்கள். சுரங்கப் பொறியாளராக அவர் கண்டம் விட்டுக் கண்டம் சென்ற ஆண்டுகள் ஒற்றை வரியில் முடிந்துவிடுகின்றன. அந்த ஒற்றை வரியை விரித்து எழுத விரும்புவோருக்கே இக்குறிப்புகள்.

முதலில் ஆண்டு, ஊர், கனிமம், பதவி, முதலீடு செய்தவர் என்று ஐந்து பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். 1895இல் ஸ்டான்ஃபோர்டில் நிலவியல் பட்டம், 1897இல், 22 வயதில், லண்டனின் பிவிக் மோரிங் நிறுவனத்துக்காக மேற்கு ஆஸ்திரேலியத் தங்க வயல்கள், 1899இல் சீனாவின் கைப்பிங் நிலக்கரி, 1901இல் அதே நிறுவனத்தில் பங்காளி, 1908இல் விலகல். ஐந்தாம் பத்தியை மட்டும் வெறுமையாக விடாதீர்கள், ஏனெனில் அவர் அடுத்து எங்கே செல்வார் என்பதை லண்டன் முதலீட்டாளர்களின் பணமே பெரிதும் தீர்மானித்தது.

அடுத்து, கழிவைத் தேடுங்கள். என் கருத்தில் இவருடைய தொழில்திறனை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் ஈயமும் வெள்ளியும் எடுத்தபின், பிரிக்க வழி தெரியாததால் துத்தநாகம் கலந்த அரைத்த மண்ணை மேடு மேடாகக் கொட்டி வைத்திருந்தார்கள். அதை வாங்கிப் பிரித்தெடுக்கும் நோக்கத்துடன் 1905இல் தொடங்கப்பட்ட துத்தநாக நிறுவனத்தின் பின்னணியில் ஹூவரும் இருந்தார். கனிமத் துகள்களைக் குமிழிகளில் ஒட்டவைத்து மிதக்கச் செய்யும் முறை கைகூடிய பிறகே அந்த மேடுகள் பணமாயின. பர்மாவின் வடக்கு ஷான் மலைகளில், சீனர்கள் நெடுங்காலம் வெள்ளி எடுத்துவிட்டுக் கைவிட்டுப் போன, பின்னர் ஹூவர் ஈடுபட்ட போட்வின் சுரங்கத்திலும் ஈயம் மிகுந்த கசடே தொடக்க ஈர்ப்பாக இருந்தது. கோலார் தங்கவயலில் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு கழிவு மேடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

புகழுரையை மட்டும் நம்ப வேண்டாம். கைப்பிங் சுரங்கங்கள் கைமாறிய விதம் குறித்து, அவற்றின் தலைவராக இருந்த சீன அதிகாரி சாங் யென்மாவ் லண்டனில் தொடுத்த வழக்கில் 1905இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. ஹூவர் அதில் பிரதிவாதி அல்லர், சாட்சி. இந்த வேறுபாட்டைக் குழப்பினால் கட்டுரை பழிச்சொல்லாகிவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் குவாலியா தங்கச் சுரங்கத்தில் கூலியை அடக்க ஹூவர் இத்தாலியத் தொழிலாளர்களை அமர்த்தியதையும், துறைமுகத் தொழிற்சங்கங்களை அறிந்த நம் வாசகர்கள் கேட்காமல் விடமாட்டார்கள்.

கட்டுரையை 1914இல் நிறுத்துங்கள். உலகப்போர் தொடங்கியதும் அவர் நிவாரணப் பணிக்கு மாறிவிட்டார்.

ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படியே பெயர்க்காதீர்கள். வியாசர்பாடியிலும் பர்மா பஜாரிலும் பர்மிய மொழி மறக்காத பெரியவர்கள் இருந்தால் ஒருமுறை உச்சரித்துக் காட்டச் சொல்லுங்கள். போட்வின் என்பதில் முன்பாதி வெள்ளியையும் பின்பாதி குழியையும் குறிப்பதால், அட்டவணையின் கனிமப் பத்தியில் எழுத வேண்டியது அந்தப் பெயரிலேயே கிடைத்துவிடும்.