மலைமுகட்டில் காற்றாலை: வலுவான ஆட்சேபணை மனுவைத் தயாரிப்பது எப்படி?

காற்றாலைத் திட்டம் ஒன்றுக்கு ஆட்சேபணை தெரிவிக்க முனைபவர்கள், தாங்கள் எதிர்ப்பது எதை என்று முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். காற்று மின்சாரமே தேவையில்லை என்று வாதிடும் மனுவை அதிகாரிகள் எளிதாக ஒதுக்கிவிடுவார்கள். ஏனெனில் அது பெரும்பாலும் அரசின் கொள்கையால் முன்பே முடிவான விஷயம். இந்தக் குறிப்பிட்ட முகட்டில், இத்தனை கோபுரங்கள், இந்த உயரத்தில் நிற்கலாமா என்பதே அவர்கள் முன்னுள்ள கேள்வி. மனுவின் ஒவ்வொரு பத்தியும் அந்தக் கேள்விக்கே பதில் சொல்ல வேண்டும்.

விண்ணப்பத்தையும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையையும் முழுமையாகக் கேட்டுப் பெறுங்கள். ஆட்சேபணைக்கான கெடு குறுகியதாகவே இருக்கும் என்பதால், நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒருவரே படிக்க முயலாமல், நிலத்தோற்றம், பறவைகள், ஒலி, நீரும் மண்ணும் எனப் பிரித்துக்கொண்டு படிப்பது நல்லது. முதலில் பார்க்க வேண்டியவை வரைபடங்களும், கோபுரங்களின் எண்ணிக்கையும், இறக்கை நுனி வரையிலான மொத்த உயரமும். கோபுரத்தின் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது: 120 மீட்டர் உயரத்தில் சுழலி மையம் அமைந்து, இறக்கை 70 மீட்டர் நீளமுடையதாக இருந்தால், கண்ணில் படப்போவது 190 மீட்டர்.

அது எவ்வளவு பெரியதாகத் தெரியும் என்பதை நீங்களே கணக்கிடலாம். கையை நீட்டி அளவுகோலைக் கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தொலைவில் பிடியுங்கள். காற்றாலையின் மொத்த உயரத்தை அதன் தொலைவால் (இரண்டும் மீட்டரில்) வகுத்து 60-ஆல் பெருக்கினால், அளவுகோலில் அது மறைக்கும் உயரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 180 மீட்டர் உயரமுள்ள காற்றாலை 3 கிலோமீட்டரில் 3.6 சென்டிமீட்டராகவும், 10 கிலோமீட்டரில் 1 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாகவும் தெரியும். பிறகு அதே இடத்திலிருந்து மலையின் உயரத்தை அளந்து பாருங்கள். மலை 4 சென்டிமீட்டராகத் தெரியும் இடத்தில் அதன் உச்சியில் 3.6 சென்டிமீட்டர் கோபுரங்கள் வரிசையாக நிற்கும் என்று எழுதுவது, இயற்கை அழகு பாழாகிறது என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட வலுவான வாதம்.

காற்றாலைகள் நின்றால் எப்படித் தெரியும் என்று காட்ட நிறுவனம் தரும் மாதிரிப் படங்களைச் சோதிக்கவும் இந்தக் கணக்கு உதவும். அகன்ற கோண வில்லையில் எடுத்த படத்தில் தொலைவிலுள்ள பொருள்கள் சுருங்கித் தெரியும் என்பதால், முழுச்சட்டக் கேமராவில் 50 மில்லிமீட்டர் வில்லையால் எடுப்பதே பரவலாக ஏற்கப்பட்ட முறை. படத்தை எவ்வளவு தொலைவில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வானிலையும் முக்கியம்: சாம்பல் நிற மேகத்தின் முன் வெண்ணிறக் கோபுரம் கரைந்துவிடும், தெளிந்த நீலவானத்தில் பளிச்சென நிற்கும். பார்வையிடங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேளுங்கள். மரங்கள் மறைக்கும் சாலை வளைவுகள் பட்டியலில் இருந்து, மக்கள் வழக்கமாக நின்று பார்க்கும் ஏரிக்கரை விடுபட்டிருந்தால், அங்கிருந்தும் படம் எடுக்கச் சொல்லி எழுத்தில் கோர வேண்டும். 150 மீட்டரைத் தாண்டும் அமைப்புகளுக்கு விமான எச்சரிக்கை விளக்குகள் பொதுவாகக் கட்டாயம் என்பதால், இரவுத் தோற்றத்துக்கான படமும் அவசியம்.

நிலத்தோற்றத்தின் மதிப்பை உரிச்சொற்களால் நிறுவ முடியாது. 2000-ஆம் ஆண்டில் ஃபுளோரன்ஸில் கையெழுத்தான ஐரோப்பிய நிலத்தோற்ற உடன்படிக்கை, இயற்கையும் மனிதரும் சேர்ந்து உருவாக்கி, மக்கள் உணரும் விதத்தில் உள்ள பகுதியையே நிலத்தோற்றம் என்கிறது. ஆகவே யார், எங்கிருந்து, எதற்காக அந்த நிலத்தைப் பார்க்கிறார்கள் என்பதும் சான்றுதான். நடைவழிகள், பழைய ஓவியங்கள், தலைமுறைகளாக மாறாத வயல் எல்லைகள் ஆகியவற்றை வரைபடத்தில் குறித்து இணையுங்கள்.

மனுக்கள் பெரும்பாலும் தவறவிடுவது தரையைத்தான். பாரந்தூக்கிகள் நிற்கும் தளங்கள், அகலமான அணுகு சாலைகள், துணைமின் நிலையம், மின்கம்பிகள் ஆகியவை கோபுரங்களுக்கு இணையாக நிலத்தை மாற்றுகின்றன. அயர்லாந்தின் டெரிபிரையனில் 70 காற்றாலைகளுக்கான கட்டுமானத்தின்போது, 2003 அக்டோபரில் சதுப்பு மண் பெருமளவில் சரிந்து ஆறுகளில் கலந்தது. முறையான தாக்க மதிப்பீடு செய்யப்படவில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. அதைச் சரிசெய்யத் தவறியதற்காக 2019-இல் அயர்லாந்து அரசுக்கு 50 லட்சம் யூரோ அபராதமும், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 15,000 யூரோவும் விதித்தது. மண் ஆய்வில் இடைவெளி இருந்தால், அழகு பற்றிய வாதத்தைவிட அதுவே திட்டத்தை நிறுத்தக்கூடும்.

ஒலி, இறக்கை நிழலின் சிமிட்டல் ஆகியவற்றை உரிய வரம்புகளோடு ஒப்பிட்டுச் சுருக்கமாக எழுதினால் போதும். காதுக்குக் கேட்காத ஒலியால் நோய் வருகிறது என்ற வாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை, மனுவின் மற்றப் பகுதிகளின் நம்பகத்தன்மையையும் அது குலைக்கும்.

முன்கூட்டியே தலையிடுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நார்வேயின் ஃபோசன் வழக்கு எடுத்துக்காட்டு. சாமி பழங்குடியினரின் கலைமான் மேய்ச்சல் உரிமையை மீறுவதாகக் கூறி, அங்குள்ள காற்றாலை உரிமங்கள் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதற்குள் 151 காற்றாலைகள் நிறுவப்பட்டிருந்தன; பின்னர் உடன்பாடுகள் ஏற்பட்டு அவை அங்கேயே தொடர்கின்றன. தடையாணை கோரும் எண்ணம் இருந்தால், முதல் அடித்தளம் இடப்படும் முன்பே வழக்கறிஞரை அணுகுவது நல்லது.

முழு நிராகரிப்பைக் கோரும்போதே, அனுமதி கிடைத்துவிட்டால் விதிக்க வேண்டிய நிபந்தனைகளையும் தனிப் பகுதியாக எழுதுங்கள். இது கோரிக்கையைப் பலவீனப்படுத்தும் என்று சிலர் தயங்குவார்கள். என் கருத்தில், எழுதாமல் விடுவதே பெரிய இழப்பு. முகட்டின் விளிம்பில் வரும் கோபுரங்களை எண்ணிட்டுக் குறிப்பிட்டு நீக்கச் சொல்லலாம்; விமானம் நெருங்கும்போது மட்டும் எரியும் விளக்குகளையும் மின்கம்பிகளைத் தரைக்கடியில் பதிப்பதையும் கேட்கலாம். ஆயுள் முடிந்ததும் கோபுரங்களை அகற்றி நிலத்தைச் சீரமைப்பதற்கான தொகையை, நிறுவனம் கைமாறினாலும் செல்லுபடியாகும் வங்கி உத்தரவாதமாகக் கட்டுமானத்துக்கு முன்பே செலுத்த வேண்டும் என்பதையும் அந்தப் பகுதியில் சேர்த்துவிடுங்கள்.