போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யலையா? ரூலை அழிச்சு அழிச்சுப் போடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

போன மே லீவுல அக்கா பையன் மைன்கிராஃப்ட் சர்வர் போட்டுக் குடு மாமான்னு ஒரே நச்சரிப்பு, அவனோட சித்தப்பா பசங்க வேற ஊர்ல இருந்து சேர்ந்து விளையாடணுமாம். அரை மணி நேர வேலைடான்னு உக்காந்தேன், ரெண்டு ராத்திரி போச்சு. போர்ட் ஃபார்வர்டிங்னா, வெளியில இருந்து ஒரு போர்ட்டுக்கு, அதாவது கதவு நம்பருக்கு, வர்றதை வீட்டுக்குள்ள எந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பணும்னு ரவுட்டர்ல எழுதி வைக்கற ரூல். 25565 போர்ட்டைத் திறந்து சேவ் பண்ணி ரவுட்டரை ரீபூட்டும் பண்ணியாச்சு, வெளியில இருந்து பார்த்தா மூடியே கிடக்கு. கடைசில பார்த்தா ரூல்ல ஒரு தப்பும் இல்ல. அதனால ரூல் பக்கம் கடைசியா போங்க.

முதல்ல ரவுட்டருக்குள்ள லாகின் பண்ணி (பெரும்பாலும் 192.168.1.1 இல்லனா 192.168.0.1) ஸ்டேட்டஸ் பக்கத்துல வான் ஐபி (வெளி நெட் பக்கம் ரவுட்டருக்குக் கிடைச்ச அட்ரஸ்) என்னன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. அப்புறம் அதே வைஃபைல இருந்து என் ஐபி என்னன்னு கூகுள்ல தேடுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா தப்பிச்சீங்க. எனக்கு ரவுட்டர்ல 100.72ன்னு ஆரம்பிச்சுது, கூகுள்ல வேற என்னமோ காட்டுச்சு, அங்கயே கதை முடிஞ்சுது, ஆனா எனக்குத்தான் ரெண்டு நாள் கழிச்சு உறைச்சுது.

100.64ல இருந்து 100.127 வரைக்கும் எதுல ஆரம்பிச்சாலும் அது சிஜிநாட். ஐபிவி4 அட்ரஸ் (பழைய வகை ஐபி நம்பர்) கையிருப்பு நம்ம ஆசிய பசிபிக் பக்கம் 2011 ஏப்ரல்லயே அடி தட்டிருச்சு, அதனால நெட் கம்பெனிங்க ஒரே பொது ஐபியை நிறைய வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுக்குறாங்க, அதுக்குன்னே 2012ல இந்த நம்பர்களை ஒதுக்கி வச்சாங்க. வெளியில இருந்து வர்ற பாக்கெட் (டேட்டா துண்டு) அவங்க பெட்டி வரைக்கும் வரும், இது எந்த வீட்டுக்குன்னு தெரியாம அங்கயே செத்துரும். உங்க ரவுட்டர் வாசலுக்கே வராததுக்கு ரூல் போட்டு என்ன பிரயோஜனம்? சிம் போடற 4ஜி 5ஜி ரவுட்டர்லயும் பெரும்பாலும் இதே கதைதான்.

வான் ஐபி 192.168ன்னோ 10ன்னோ ஆரம்பிச்சா, வீட்டுக்குள்ளயே ரெண்டு ரவுட்டர் இருக்கான்னு பாருங்க. ஃபைபர்காரங்க மாட்டுன பெட்டியும் ஒரு ரவுட்டர்தான், அதுக்குப் பின்னாடி நீங்க காசு போட்டு வாங்குனது ரெண்டாவது. அந்தப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலை பாக்காம லைனை அப்படியே கடத்தி விடறது) மாத்தச் சொல்லுங்க, முடியலன்னா ரெண்டுலயும் ரூல் போடணும். பெட்டியோட வான் ஐபியும் இதே மாதிரி இருந்தா அதுவும் நெட் கம்பெனி மேல சொன்ன மாதிரி பங்கு போடறதுதான்.

கஸ்டமர் கேர்ல கேட்டா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்னு மூணு தடவை சொன்னாங்க. லைன் போட வந்த தம்பிதான், "அண்ணே ஸ்டாடிக் ஐபி வாங்குனாத்தான் வரும்"னு ஒரே வரில முடிச்சான். உங்களுக்குன்னே மாறாத ஒரு பொது ஐபி, அதுக்கு மாசாமாசம் தனிக் காசு. அது வேணாம்னா டெயில்ஸ்கேல் (தூரத்துல இருக்கற கம்ப்யூட்டர்களை ஒரே தனி நெட்வொர்க்ல சேர்க்கற விபிஎன் ஆப்) மாதிரி ஏதாவது போட்டுக்கலாம், போர்ட்டே திறக்க வேணாம்.

ஐபி சரியா இருந்தும் வரலன்னா, டெஸ்ட் பண்ற விதத்துலயே தப்பு இருக்கலாம். வீட்டு வைஃபைல இருந்துகிட்டே உங்க பொது ஐபியை அடிச்சா நிறைய ரவுட்டர் திருப்பி உள்ள விடாது, போன்ல வைஃபையை அணைச்சுட்டு மொபைல் டேட்டால பாருங்க. சர்வர் ஓடாம இருந்தா செக் பண்ற சைட் எல்லாம் மூடியிருக்குன்னுதான் காட்டும், அது ரவுட்டர் குத்தம் இல்ல. டேட்டா போக டிசிபி, யுடிபின்னு ரெண்டு வழி இருக்கு, அந்த சைட்ல நிறைய டிசிபி மட்டும்தான் பாக்கும், மைன்கிராஃப்ட் பெட்ராக் (போன்லயும் ஓடற வகை) 19132 யுடிபில ஓடுது, அதை அங்க போட்டுப் பார்த்துட்டு மண்டையை உடைச்சுக்காதீங்க.

அடுத்து கம்ப்யூட்டர். வீட்டுக்குள்ளயே இன்னொரு லேப்டாப்ல இருந்து சர்வர் ஓடற கம்ப்யூட்டரோட லோக்கல் ஐபி (192.168.1.5 மாதிரி, வீட்டுக்குள்ள மட்டும் செல்லுற அட்ரஸ்) போட்டு கனெக்ட் ஆகுதான்னு பாருங்க. ஆகலன்னா ரவுட்டரைத் திட்டாதீங்க, பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வால் (உள்ள வர்ற இணைப்பைத் தடுக்கற காவல்காரன்) தான். சர்வரை முதல் தடவை ஓட்டும்போது ஜாவாவை அனுமதிக்கவான்னு ஒரு பெட்டி வருமே, அதுல பசங்க கேன்சல் அமுக்கிருப்பாங்க. உடனே விண்டோஸ் பிளாக்னு ஒரு ரூல் தானா எழுதி வச்சுரும், நீங்க அப்புறம் எத்தனை அலவ் ரூல் போட்டாலும் பிளாக் தான் ஜெயிக்கும். ஃபயர்வாலோட இன்பவுண்ட் (உள்ள வர்றது) லிஸ்ட்ல சிவப்பு வட்டம் போட்ட ஜாவா வரி இருக்கும், தேடி அழிங்க.

நேத்து வேலை செஞ்சது இன்னைக்கு இல்லன்னா லோக்கல் ஐபி மாறியிருக்கும், ரூல் இன்னும் பழைய 192.168.1.5க்கே அனுப்பிட்டு இருக்கும். ரவுட்டர்ல அட்ரஸ் ரிசர்வேஷன் (அந்தக் கம்ப்யூட்டருக்கு எப்பவும் அதே லோக்கல் ஐபி) போட்டு வைங்க, ஆனா கேபிளுக்கு ஒரு மேக் (நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர்), வைஃபைக்கு வேற மேக், எதுல ஓட்டுறீங்களோ அதுக்குப் போடணும். பொது ஐபியும் மாறும், அதுக்கு டிடிஎன்எஸ் (மாறுற ஐபியைப் பின்தொடர்ற ஒரு நிரந்தரப் பேர்) வச்சுக்கோங்க.

இப்ப ரூலுக்கு வரலாம். டிசிபியா யுடிபியா, வெளி போர்ட்டும் உள் போர்ட்டும் இடம் மாறலையே, இவ்வளவுதான். ஃபைபர் பெட்டியா இருந்தா வான் கனெக்ஷன்னு ஒரு டிராப்டவுன் இருக்கும், அதுல இன்டர்நெட்னு இருக்கறதை எடுக்காம போன் லைனுக்கான வாய்ஸ் கனெக்ஷனை எடுத்துட்டா ரூல் பச்சையா மின்னும், வேலை மட்டும் நடக்காது. 80, 25 மாதிரி போர்ட்டை நெட் கம்பெனியே அடைச்சு வச்சிருக்கலாம், வெளி போர்ட்டை 8443ன்னு ஏதாவது மாத்திப் பாருங்க.

கேமரா டிவிஆருக்காக (ரெக்கார்டிங் பெட்டி) இதெல்லாம் பண்றீங்கன்னா தயவுசெஞ்சு வேணாம். 2016ல மிராய்னு ஒரு மால்வேர் (கெட்ட புரோகிராம்) டீஃபால்ட் பாஸ்வேர்டை மாத்தாத கேமராவையும் டிவிஆரையும் தேடித் தேடித்தான் பிடிச்சுது. விபிஎன் வழியா பாருங்க.

எங்க வீட்ல கடைசில டெயில்ஸ்கேல் தான், நாலு லேப்டாப்லயும் போட்டு இருபது நிமிஷத்துல விளையாட ஆரம்பிச்சுட்டானுங்க. ரவுட்டர்ல நான் விதவிதமா போட்டு வச்ச பதினோரு ரூலும் அப்படியே கிடந்துச்சு, இதை எழுதும்போதுதான் ஞாபகம் வந்து போய் அழிச்சேன்.