பத்து போர்ஷனுக்கு ஒரு ஷீட்: நீலகிரியில் வாடகை வீடுகளை போனிலேயே பார்த்துக்கொள்ள

உரிமையாளர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். வாடகை வாங்குவது, ஈ.பி. பில் கட்டுவது, பிளம்பரை அனுப்புவது எல்லாம் கோத்தகிரியிலோ குன்னூரிலோ இருப்பவர் தலையில். அந்த ஊர்க்காரருக்கான செய்முறை இது. ஐந்திலிருந்து இருபது போர்ஷன் வரை தாங்கும். அதற்குள் மாதக் கட்டணம் கேட்கும் மென்பொருள் வீண் செலவு. டேலி என்ற கணக்கு மென்பொருள் ஆடிட்டருக்கு நல்லது, ஆனால் கூரை ஒழுகுவதை அதில் எழுத முடியாது. ஒரே லேப்டாப்பில் கிடக்கும் எக்செல் வேண்டவே வேண்டாம். கூகுள் ஷீட்ஸ், கூகுள் கேலண்டர், வாட்ஸ்அப் பிசினஸ் போதும். சொந்த ஜிமெயிலில் தொடங்காமல் இதற்கென்று தனிக் கணக்கு வைத்தால், நாளை பொறுப்பு கைமாறும்போது கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு நகரலாம்.

தேதியை முதலில் சரிசெய்யுங்கள்

புது ஷீட்டில் ஒரு எழுத்துகூட அடிப்பதற்கு முன் ஃபைல் மெனு, செட்டிங்ஸ் போய் லொக்கேல் என்ற இடத்தில் இந்தியா என்று மாற்றுங்கள். கம்ப்யூட்டரில் செய்வது சுலபம். இதைத் தாண்டிப் போனவர்கள்தான் மூன்று மாதம் கழித்து “கணக்கு உதைக்குதே” என்று தலையைச் சொறிவது.

காரணம் இது. ஷீட் அமெரிக்க வழக்கத்தில் இருந்தால் ஜூன் 5 என்று நினைத்து நீங்கள் 5/6/2025 அடிப்பீர்கள். அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. 13/6/2025 என்று அடித்தால், பதிமூன்றாவது மாதம் கிடையாதே, தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஆக மாதத்தின் முதல் 12 நாள் வரவு தப்பான மாதத்தில் விழும். மீதி நாள் வரவு மாதக் கூட்டலிலேயே சேராது. வாடகை வருவதே முதல் பத்து நாளில்தான் என்பதால் அடி பலமாக இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி: அலைன்மென்ட்டைத் தொடாத ஷீட்டில் உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப்போனது இடப்பக்கம். பிறகு லொக்கேலை மாற்றினாலும் பழைய தவறு திருந்தாது. மே 6 என்று பதிவானது 6/5/2025 என்று உருமாறி மே 6 ஆகவே நிற்கும். கையால்தான் திருத்த வேண்டும்.

இதோடு ஈ.பி. இணைப்பு எண், போன் எண் நிரல்களை ஃபார்மேட், நம்பர், ப்ளெயின் டெக்ஸ்ட் என்று ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் இணைப்பு எண்ணின் முதலில் உள்ள பூஜ்யம் காணாமல் போகும்.

நான்கு தாள்கள்

போர்ஷன், குடியிருப்போர், வரவு, பழுது. கையால் எழுத இவை போதும்.

கணக்கின் அச்சாணி போர்ஷன் குறியீடு: கோ1-மேல், கோ1-கீழ், குன்3-பின் என்பது போல. குடியிருப்பவர் பெயரை வைத்தால் ஆள் மாறும்போது வரலாறு அறுந்துவிடும். கதவு எண்ணை வைத்தால் பழைய எண், புது எண் என்று குழப்பம். வரவு, பழுது தாள்களில் இந்தக் குறியீட்டைக் கையால் அடிக்க விடாதீர்கள். டேட்டா வேலிடேஷனில் டிராப்டவுன் வைத்து, போர்ஷன் தாளிலிருந்தே பட்டியல் வரச் செய்யுங்கள். நடுவில் கோடு போட்ட ‘கோ1-மேல்’ வேறு, இடைவெளி விட்ட ‘கோ1 மேல்’ வேறு. ஷீட்டுக்கு இரண்டும் இரண்டு வீடு.

வரவு தாளின் நிரல்கள்: வந்த நாள், போர்ஷன், தொகை, வகை, எந்த மாதத்துக்கு, எப்படி வந்தது. ஐந்தாவது நிரல்தான் உயிர். ஜூலை 3 அன்று வந்த பணம் ஜூன் பாக்கியாக இருக்கலாம். அதில் எப்போதும் அந்த மாதத்தின் 1ஆம் தேதியையே போடுங்கள். ஒரே யுபிஐயில் இரண்டு மாத வாடகை வந்தால் இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள்.

வகையில் அட்வான்ஸை வாடகையோடு சேர்க்காதீர்கள். அது திருப்பித் தர வேண்டிய பணம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. ஒப்பந்தத்தைப் பதிந்த எண்ணுக்கும் குடியிருப்போர் தாளில் ஒரு நிரல் விடுங்கள்.

பாக்கி பார்க்க ஐந்தாவதாக ஒரு தாள்: போர்ஷன்கள் கீழ்நோக்கி, மாதங்கள் குறுக்கே. ஒவ்வொரு கட்டத்திலும் சம்இஃப்ஸ் (SUMIFS) சூத்திரம்; சொன்ன நிபந்தனைகளுக்குப் பொருந்தும் தொகையை மட்டும் கூட்டும். முதலில் தொகை நிரல். பிறகு போர்ஷன் நிரலும் குறியீடும், வகை நிரலும் ‘வாடகை’ என்ற சொல்லும், மாத நிரலும் மேலே உள்ள மாதமும். எல்லா நிரல்களும் ஒரே வரிசையில் தொடங்கி ஒரே வரிசையில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் பிழை காட்டும் அல்லது கூட்டல் தப்பாக வரும். வாடகையைவிடக் குறைவானால் கட்டம் சிவக்க கண்டிஷனல் ஃபார்மேட்டிங் வையுங்கள்.

கரண்ட் பில்லைப் பிரிப்பது

ஒரே இணைப்பில் மேல், கீழ் என்று இரண்டு குடும்பம், ஆளுக்கொரு சப் மீட்டர். யூனிட்டுக்கு இவ்வளவு என்று நிலையான விலை போட்டால் சண்டைதான், ஏனென்றால் கட்டணம் படிப்படியாக ஏறுவது. யூனிட் கூடக்கூட விலை மாறும். வந்த பில் தொகையை அவரவர் யூனிட்டால் பெருக்கி, சப் மீட்டர்களின் மொத்த யூனிட்டால் வகுங்கள். பில் 1,800 ரூபாய், மேலே 200 யூனிட், கீழே 100 என்றால் 1,200, 600. கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், நடுவில் காலி செய்பவரின் மீட்டரைச் சாவி வாங்கும் அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

சிக்னல் இல்லாத இடம்

பள்ளத்தில் இருக்கும் வீட்டில் நெட் வராது. சிக்னல் உள்ள இடத்திலேயே அந்த ஷீட்டை ஆஃப்லைனுக்கு என்று குறித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே போய் நின்றுகொண்டு குறிக்க முடியாது. இரண்டு பேர் ஆஃப்லைனில் ஒரே கட்டத்தைத் திருத்தினால் ஒருவர் எழுதியது போய்விடும். எனவே பழையதைத் திருத்தாமல் புது வரி சேர்ப்பதே வழக்கமாகட்டும்.

பழுதுக்கு கேலண்டரில் ஆண்டுதோறும் வரும் நினைவூட்டல் வையுங்கள். தேதி ஊருக்கு ஊர் மாறும். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்கு மழைக்காக மே மாதமே. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் கனம் என்பதால் செப்டம்பரில் இன்னொரு முறை. எழுத வேண்டியவை: கூரைத் தகரத்தின் ஆணிகள், சில்வர் ஓக் சருகு அடைத்த தண்ணீர்த் தாரை, தடுப்புச் சுவரின் வடிகால் துளைகள். மூன்றாவதை மறந்தால், சுவருக்குப் பின்னால் மண் நீர் கோத்துச் சுவரையே தள்ளிவிடும்.

பிறகு சேர்த்தவை

பழுதைத் தெரிவிக்க கூகுள் ஃபார்ம் வைத்தால், போட்டோ கேட்கும் கேள்வியை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் கூகுள் கணக்கில் நுழையாமல் ஃபார்ம் நிரப்ப முடியாது. வாட்ச்மேன் அதோடு விட்டுவிடுவார். போட்டோ வாட்ஸ்அப்பில் வரட்டும், கீழே போர்ஷன் குறியீடு மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

சீசனுக்கு மட்டும் விடும் காட்டேஜ் இருந்தால், முன்பதிவுத் தளத்தின் இணைப்பை கூகுள் கேலண்டரில் சேர்த்து அதை நம்பி இன்னொருவருக்கு அறை கொடுக்காதீர்கள். புதுப்பிக்கப் பல மணி நேரம் ஆகும். வெளி மாவட்ட வண்டிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். வாட்ஸ்அப் பிசினஸின் விரைவுப் பதிலில் அதையும் போட்டுவையுங்கள். கல்லாறு சோதனைச் சாவடியிலோ குஞ்சப்பனை சாவடியிலோ நின்றுகொண்டு விருந்தினர் உங்களுக்குத்தான் போன் போடுவார்.

உரிமையாளருக்கு முழு ஷீட்டையும் பகிராதீர்கள். மறைத்துவைத்த தாளும் ஃபைலை நகலெடுத்தால் தெரிந்துவிடும். அதில் குடியிருப்பவர்களின் போன் எண்ணும் மற்ற உரிமையாளர்களின் வரவும் இருக்கும். அவருக்கென்று தனி ஃபைல் திறந்து, வேறு ஃபைலிலிருந்து தகவலை இழுக்கும் இம்போர்ட்ரேஞ்ச் (IMPORTRANGE) சூத்திரம் மூலம் அவர் வீட்டுப் பாக்கியை மட்டும் இழுங்கள். முதல் முறை ‘அலவ் ஆக்சஸ்’ பட்டனை நீங்கள் அழுத்தும்வரை பிழைதான் காட்டும். அந்த ஃபைலிலும் அவருக்குப் பார்க்கும் அனுமதி மட்டும். திருத்தும் அனுமதி கொடுத்தால் சூத்திரத்தை மாற்றி மற்ற தாள்களையும் இழுத்துவிடலாம்.