நாவலுக்காக உயிர்காப்புப் படகுக் குழுவை ஆராய்வது எப்படி?

கடலோர ஊரை வைத்து நாவல் எழுத நினைப்பவருக்கு, கடலில் ஆபத்தில் சிக்கியவர்களை மீட்கப் போகும் பிரிட்டனின் தன்னார்வ உயிர்காப்புப் படகுக் குழுக்களைவிட வாகான களம் கிடைப்பது கஷ்டம். தச்சர், பள்ளி ஆசிரியை, கடைக்காரர் என்று ஆளுக்கொரு பிழைப்பு. பேஜர் (அவசர அழைப்பு வந்தால் ஒலிக்கும் சிறு கருவி) அலறினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். புதிதாக எழுதுபவர்கள் இதைக் கேட்டதுமே நேராகப் புயலுக்குள் குதித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பாதிக் கதை கரையில்தான் கிடக்கிறது. தேடலையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

படி 1: யார், எவர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தக் குழுக்களை நடத்தும் ஆர்.என்.எல்.ஐ. (ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன்) என்ற அமைப்பு 1824 மார்ச் 4 அன்று, வில்லியம் ஹிலரி என்பவரின் முயற்சியால் தொடங்கியது. அரசுத் துறை என்று பலர் நினைக்கிறார்கள். முழுக்க முழுக்கத் தொண்டு நிறுவனம். நன்கொடையிலும், மக்கள் உயிலில் எழுதிவைத்துவிட்டுப் போகும் பணத்திலும் பெரும்பாலும் ஓடுகிறது. பிரிட்டன், அயர்லாந்து கரைகளில் 230க்கும் மேற்பட்ட நிலையங்கள் உண்டு.

அழைப்பு வரும் வழியைக் கண்டிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள். யாரோ 999 என்ற அவசர எண்ணை அழைத்து கோஸ்ட்கார்டை, அதாவது கடலோரக் காவல் அமைப்பைக் கேட்கிறார். கோஸ்ட்கார்ட் நிலையத்தின் பொறுப்பாளரைத் தொடர்புகொள்கிறது. அவர் சரி என்றதும் பேஜர்கள் ஒலிக்கின்றன. இந்த வரிசை பிசகினால், விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவைப்பார்.

படி 2: ஒரே ஒரு படகைத் தேர்ந்தெடுங்கள்

செவர்ன் வகை 17 மீட்டர் நீளம். மோசமான வானிலையிலும் ஆழ்கடலுக்குப் போகும், கவிழ்ந்தால் தானே நிமிரும். டி வகை 5 மீட்டர் ரப்பர் படகு. மூன்று நான்கு பேர் அலையில் நனைந்தபடி பாறை இடுக்கு வரை போவார்கள். பெரிய படகின் தலைவர் காக்ஸ்வைன், சிறிய படகில் ஹெல்ம். முதல் நாவலுக்குச் சிறிய படகே நல்லது. பாத்திரங்கள் குறைவு, ஒளிந்துகொள்ள அறை கிடையாது.

படி 3: பழைய இதழ்களைப் புரட்டுங்கள்

அமைப்பின் இதழ் 1852 முதல் வெளிவருகிறது. பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். பல பதிவுகள் சப்பென்றுதான் இருக்கும்: இன்ஜின் பழுது, கடல்நீர் ஏற்றத்தில் மாட்டிக்கொண்டவர்கள், வீண் அலைச்சல். அந்தச் சலிப்பும் உங்களுக்குத் தேவை.

அப்புறம் திடீரென்று 1899 ஜனவரி 12 போல ஒன்று அகப்படும். ஃபாரஸ்ட் ஹால் என்ற கப்பல் ஆபத்தில் இருந்தது; ஆனால் இங்கிலாந்தின் டெவனில் உள்ள லின்மவுத் ஊரில் கடல் கொந்தளிப்பால் லூயிசா என்ற உயிர்காப்புப் படகை இறக்க முடியவில்லை. ஊரே திரண்டு, குதிரைகளைப் பூட்டி, செங்குத்தான கவுன்டிஸ்பரி மலை மேல் அதை இழுத்துப்போனது. குறுகலான பாதையில் சுவரை இடித்து வழி செய்தார்கள். விடிகாலையில் போர்லாக் வியர் என்ற கரையோர ஊரில் படகு நீரில் இறங்கியது; ஃபாரஸ்ட் ஹால் கப்பலில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். இரவு முழுக்க நடந்தது தரைமேல்தான். அந்தச் சுவர் யாருடையது, மறுநாள் அவர் என்ன சொன்னார்? நாவலாசிரியர் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

படி 4: துயரத்தைப் பதமாகக் கையாளுங்கள்

1981 டிசம்பர் 19 அன்று இங்கிலாந்தின் கார்ன்வாலில், யூனியன் ஸ்டார் கப்பலுக்கு உதவப்போன பென்லீ நிலையத்தின் சாலமன் பிரவுன் படகு எட்டுப் பேரோடும் மூழ்கியது. கப்பலில் இருந்தவர்களோடு சேர்த்து இறந்தவர்கள் 16 பேர். கிளம்பும் முன் காக்ஸ்வைன் ட்ரெவெல்யன் ரிச்சர்ட்ஸ் ஒரு காரியம் செய்தார்: தந்தையும் மகனும் வந்து நின்றபோது, ஒரு குடும்பத்திலிருந்து இருவர் வேண்டாமென்று மகனைக் கரையில் நிறுத்திவிட்டார். அந்த மகன் பின்னாளில் அதே நிலையத்தின் காக்ஸ்வைன் ஆனார்.

இதைப் படித்ததும் எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஊரையும் படகையும் கற்பனையாக்குங்கள். சம்பவத்தை அப்படியே தூக்காதீர்கள்.

படி 5: ஆட்களிடம் பேசுங்கள்

நிலையத்துக்கு மரியாதையாக எழுதிக் கேளுங்கள். பாதிப் பேச்சில் பேஜர் அடித்தால் எழுந்து ஓடிவிடுவார்கள், கோபப்படக்கூடாது. “பயமாக இருந்ததா?” என்று கேட்டால் “இல்லை” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “பேஜர் அடித்தபோது அடுப்பில் என்ன இருந்தது? யார் அணைத்தார்?” என்று கேட்டுப்பாருங்கள். வீட்டுக்காரர்களிடமும், டிராக்டர் ஓட்டிப் படகை நீரில் தள்ளும் கரைக்குழுவினரிடமும் பேசுங்கள். ஓடிவந்தும் படகில் இடம் கிடைக்காமல் நின்றவரை விட்டுவிடாதீர்கள்.

படி 6: திரும்பி வந்த பிறகு நடப்பதை முதலில் எழுதுங்கள்

மீட்பு முடிந்தாலும் வேலை முடியாது. உப்புப் போக நல்ல தண்ணீரால் படகைக் கழுவி, எரிபொருள் நிரப்பி, அடுத்த அழைப்புக்குத் தயார் என்று சொல்லும்வரை யாரும் வீட்டுக்குப் போவதில்லை. உயிரோடு மீட்க முடியாத இரவிலும் இதே கழுவல்தான். இரண்டு பேர், ஒரு குழாய், பேசவேண்டிய பேச்சைத் தவிர மற்றதெல்லாம் பேசுகிறார்கள். இந்தக் காட்சியை ஒரு பக்கத்துக்கு எழுதி, நீங்கள் பேசிய குழுவினர் ஒருவரிடம் காட்டுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்காமல், எது தப்பு என்று மட்டும் கேளுங்கள்.