கலத்தில் தெரியும் எண்ணும் உள்ளே இருக்கும் எண்ணும்

எக்செல் விரிதாளில் எண் வடிவமைப்பை மாற்றும்போது திரையில் தெரியும் தோற்றம் மட்டுமே மாறுகிறது. கலத்தினுள் இருக்கும் மதிப்பு மாறுவதில்லை. இதனால்தான் 10.4 என்னும் எண்ணை இரண்டு கலங்களில் இட்டுக் கூட்டி, தசம இடங்களை மறைத்தால், 10-உம் 10-உம் சேர்ந்து 21 எனக் காட்டி, பார்ப்பவரைத் திகைக்க வைக்கிறது. உண்மையான கூட்டுத்தொகை 20.8 ஆகும். பிறருக்கு அனுப்பும் அறிக்கையில் இது வீண் ஐயத்தை எழுப்பும் என்பதால், முழு எண்களே வேண்டுமெனில், ரவுண்ட் சார்பைக் கொண்டு மதிப்பையே முழுமையாக்கிவிடுவது நல்லது.

00457 போன்ற குறியீட்டு எண்களின் முன்சுழியங்கள் மறையாதிருக்க, கண்ட்ரோல் விசையுடன் 1-ஐ அழுத்தி, திறக்கும் வடிவமைப்புச் சாளரத்தின் கஸ்டம் பிரிவில் 00000 என்று தட்டச்சு செய்தால் போதும். ஆனால் எக்செல் ஓர் எண்ணின் முதல் 15 இலக்கங்களுக்குப் பின் வரும் இலக்கங்களைச் சுழியமாக்கிவிடுவதால், 16 இலக்க எண்களை உள்ளிடும் முன்பே கலத்தை உரை வடிவத்திற்கு மாற்றிவிட வேண்டும்.