மலைவீட்டுத் தோட்டத்துக்கு எந்த மிளகாய்?

கோத்தகிரிக்குக் குடிவந்த ஆண்டில் நான் முதலில் நட்டது இராமநாதபுரம் முண்டு மிளகாய். செடி நன்றாகவே தழைத்தது, பூவும் வைத்தது. ஆனால் பூக்காம்பின் கணு மஞ்சளித்து, விரல் பட்டதும் பூ கையோடு வந்துவிட்டது. வெயிலுக்கும் வறட்சிக்கும் பழகிய இரகத்தைக் குளிரில் கொண்டுவந்து நட்டது என் பிழைதான். மலையில் மிளகாய் வளர்ப்போர் காரத்தைப் பார்க்கும் முன் குளிரைப் பார்க்க வேண்டும்.

முதற்படி: இரவுக் குளிரை அறிதல்

செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு சாதாரண வெப்பமானியைத் தொங்கவிட்டு, ஒரு வாரம் விடியற்காலையில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவுகள் தொடர்ந்து 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான இரகங்களில் பூ உதிர்ந்து காய்ப்பிடிப்பு குறையும். கூடலூர் போன்ற தாழ்வான பகுதிகளில் சமவெளி இரகங்களையும் முயன்று பார்க்கலாம். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியிலோ மார்கழி, தை மாதங்களின் உறைபனி ஒரே இரவில் செடியைக் கருக்கிவிடும் என்பதால், அங்கே தொட்டியில் வளர்த்து இரவில் உள்ளே எடுத்து வைப்பதே நல்லது.

இரண்டாம் படி: பயன்பாட்டை முடிவுசெய்தல்

வற்றலுக்காக வளர்க்கும் எண்ணத்தை மலையில் கைவிட்டுவிடலாம். மூடுபனியில் காய் காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். பச்சையாகச் சமைக்கவும் ஊறுகாய் போடவும் ஏற்ற இரகங்களையே தேர்ந்தெடுங்கள்.

மூன்றாம் படி: இரகத்தைத் தேர்ந்தெடுத்தல்

நடுத்தர உயரங்களுக்கு என் முதல் தேர்வு காந்தாரி. வானத்தை நோக்கி நிமிர்ந்து நிற்கும் அதன் சிறு காய்களில் இரண்டு போதும், ஒரு சட்டிக் குழம்பு உறைத்துவிடும். ஒரே செடி சில ஆண்டுகள் காய்க்கும். அதைவிடக் குளிரான இடங்களுக்கு, ஆண்டீஸ் மலைகளைத் தாயகமாகக் கொண்ட ரொகோட்டோ பொருந்தும். இலையில் மென்மயிர், ஊதா நிறப் பூ, சதைப்பற்றுள்ள காய் ஆகியவை அதன் அடையாளங்கள். காயை அறுத்தால் உள்ளே விதைகள் கறுப்பாக இருக்கும். மற்ற மிளகாய்களை விடக் குளிரைத் தாங்கினாலும் உறைபனியை அதுவும் தாங்காது. காய்க்கவும் மாதக்கணக்கில் காக்க வைக்கும்.

காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவையில் பத்து இலட்சம் அலகுகளைக் கடந்ததாக 2007இல் கின்னஸ் அங்கீகரித்த பூத் ஜோலோக்கியா மிளகாயை ஆசைக்காக வாங்காதீர்கள். அதற்கு நீண்ட வெப்பப் பருவம் வேண்டும். காய்த்தாலும் அதை நம் சமையலில் எங்கே போடுவது?

நான்காம் படி: விதைத்தல்

தை, மாசியில் வீட்டுக்குள்ளேயே குழித்தட்டில் விதையுங்கள். முளைப்பதற்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் தேவை. எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் மேற்புறம்தான் நாற்றங்கால். அங்கும் காந்தாரி முளைக்க மூன்று வாரம் ஆனது. பத்தாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்த்து விதையைக் கெடுத்துவிடாதீர்கள். தண்ணீரை அளவாகத் தெளியுங்கள், ஈரம் மிகுந்தால் நாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும். ஆறு இலை வந்த நாற்றுகளை, உறைபனிக் காலம் முழுவதுமாக முடிந்தபின், தெற்கு நோக்கிய சுவரை ஒட்டி நடுங்கள். பகல் வெயிலில் சூடேறிய சுவர் முன்னிரவில் செடிக்குக் கதகதப்புத் தரும்.